எக்ஸாமின், இன்ஸ்பெக்ட், ஸ்க்ரூட்டினைஸ், இன்வெஸ்டிகேட்... எல்லாம் ஒண்ணுதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிக்‌ஷனரியில எக்ஸாமின்னு தேடினா இன்ஸ்பெக்ட்னு போட்டிருக்கும், இன்ஸ்பெக்ட்னு தேடினா க்ளோஸா எக்ஸாமின் பண்றதுன்னு போட்டிருக்கும், ஸ்க்ரூட்டினைஸ்க்குப் போனா அந்த ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கும், சுத்திச் சுத்தி கிளம்பின இடத்துக்கே வந்து நிப்போம். அதனால இந்த வார்த்தைகளைப் பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளையும் பதிலையும் ஒரே இடத்துல போட்டிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, வேணுங்கிறதுக்கு நேரா போயிடலாம்.

எல்லாமே "கவனமா பாக்குறது"தானே, எதைப் போட்டா என்ன?

நிறைய பேர் இதை அளவுகோல் மாதிரி நெனச்சுக்கிறாங்க, அதாவது செக் பண்றது லேசானது, எக்ஸாமின் அதுக்கு மேல, இன்ஸ்பெக்ட் இன்னும் மேல, ஸ்க்ரூட்டினைஸ்தான் உச்சம்னு. என்னைக் கேட்டா குழப்பம் ஆரம்பிக்கிறதே அங்கதான். எவ்வளவு ஆழமா பாக்குறாங்கங்கிறது ரெண்டாம்பட்சம், பாக்குறவர் மனசுல என்ன கேள்வி இருக்குங்கிறதுதான் வார்த்தையை முடிவு பண்ணுது. "இது எந்த நிலைமையில இருக்கு"ன்னு பாத்தா எக்ஸாமின். "இருக்கவேண்டிய மாதிரி இருக்கா"ன்னு பாத்தா இன்ஸ்பெக்ட். "என்னதான் நடந்துச்சு, எதனால, யாரால"ன்னு தேடினா இன்வெஸ்டிகேட். "இதுக்குள்ள என்னென்ன இருக்கு, ஒண்ணுக்கொண்ணு எப்படி சேருது"ன்னு பிரிச்சுப் பாத்தா அனலைஸ். "எங்கயாவது ஓட்டை இருக்கணுமே"ன்னு பூதக்கண்ணாடி வச்சு பாத்தா ஸ்க்ரூட்டினைஸ். கேள்வி என்னன்னு பிடிச்சுட்டா வார்த்தை பாதி நேரம் தானா வந்துடும்.

ஒரே விஷயத்துல இந்த வித்தியாசம் எல்லாம் தெரியுற மாதிரி நிஜ உதாரணம் இருக்கா?

இருக்கு, ஆனா சோகமான உதாரணம். அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல மிசிசிப்பி ஆத்து மேல போற ஐ-35 டபிள்யூ பாலம், 1967ல திறந்தது, 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி சாயங்காலம் ட்ராஃபிக் நிறைய இருந்த நேரத்துல அப்படியே ஆத்துல விழுந்துச்சு, 13 பேர் செத்துப்போனாங்க. கேட்டதும் எல்லாருக்கும் தோணுறது, "அப்போ இத்தனை வருஷமா அதை யாரும் இன்ஸ்பெக்ட் பண்ணலையா?" பண்ணாங்க. ஒழுங்கா, அடிக்கடி பண்ணாங்க.

இங்கதான் வார்த்தை வேலை செய்யுது. இன்ஸ்பெக்‌ஷன்னா துரு ஏறியிருக்கா, விரிசல் விட்டிருக்கா, போல்ட் தளர்ந்திருக்கா, அதாவது கட்டினப்போ இருந்த நிலைமையில இருந்து எவ்வளவு மாறியிருக்குன்னு ஒரு அளவுகோலோட ஒப்பிட்டுப் பாக்குறது. அந்தப் பாலத்துல இருந்த பிரச்சனையோ முதல் நாள்ல இருந்தே இருக்கு. இரும்புச் சட்டங்களை ஒண்ணா பிடிச்சுக்கிற கஸெட் ப்ளேட்டுன்னு ஒரு தகடு, சில இணைப்புகள்ல அது 1 இன்ச் தடிமன் இருந்திருக்கணும், அரை இன்ச்தான் இருந்துச்சு, டிசைன் கணக்குலயே கோட்டை விட்டுட்டாங்க. அதைப் பிடிச்சிருக்க வேண்டியது இன்ஸ்பெக்டர் இல்ல, வரைபடம் காகிதத்துல இருந்தப்போ நடந்திருக்க வேண்டிய டிசைன் ரிவ்யூ. அதுக்கப்புறம் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும்னு கணக்குப் போட்ட லோட் ரேட்டிங் அனாலிசிஸ்லயும் அந்தத் தகடுகளைச் சேர்த்துக்கிற வழக்கமே இல்ல.

விழுந்ததுக்கப்புறம் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வந்து பண்ணது இன்வெஸ்டிகேஷன். அப்போ விழுந்த துண்டுகளை எக்ஸாமின் பண்ணாங்க, பாரம் எப்படிப் பரவுச்சுன்னு அனலைஸ் பண்ணாங்க, பழைய ஃபோட்டோ எல்லாம் எடுத்து உத்துப் பாத்தாங்க, பாத்தா விழுறதுக்கு சில வருஷம் முன்னாடி எடுத்த படங்கள்லயே சில தகடு லேசா வளைஞ்சிருக்கிறது தெரியுது. தகடு வளைஞ்சிருக்கான்னு கவனிக்கிற பழக்கம் இன்ஸ்பெக்‌ஷன்ல போதுமான அளவுக்கு இல்லைங்கிறதையும் ரிப்போர்ட்ல சொன்னாங்க. ரிவ்யூ, இன்ஸ்பெக்‌ஷன், அனாலிசிஸ், இன்வெஸ்டிகேஷன், நாலும் ஒரே பாலத்துக்குத்தான், ஆனா ஒண்ணு பண்ணவேண்டிய வேலையை இன்னொண்ணால பண்ண முடியாது. "நல்லா இன்ஸ்பெக்ட் பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாம்"னு மட்டும் எழுதுனா அது பாதி உண்மைதான்.

டாக்டர் பேஷன்ட்டை எக்ஸாமின் பண்றார்னு சொல்றோம், இன்ஸ்பெக்ட் பண்றார்னு ஏன் சொல்றதில்ல?

சுவாரஸ்யம் என்னன்னா டாக்டர்கள் இன்ஸ்பெக்‌ஷனும் சொல்றாங்க, ஆனா அது எக்ஸாமினேஷனுக்குள்ள இருக்கிற ஒரே ஒரு படி. மெடிக்கல் ஸ்டூடன்ட்டுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கிற நாலு படி: இன்ஸ்பெக்‌ஷன், பால்பேஷன், பர்கஷன், ஆஸ்கல்டேஷன். கண்ணால மட்டும் பாக்குறது, தொட்டு அமுக்கிப் பாக்குறது, விரலால தட்டி சத்தம் கேக்குறது, ஸ்டெதஸ்கோப் வச்சு உள்ள கேக்குறது. முதல் படியில கை படவே கூடாது, பேஷன்ட் மூச்சு விடுறப்போ நெஞ்சு ரெண்டு பக்கமும் சமமா ஏறுதா, தோல் நிறம் எப்படி, எங்கயாவது வீக்கம், தழும்பு இருக்கா, அவ்வளவுதான். வயித்தைப் பாக்குறப்போ மட்டும் வரிசை மாறும், கண்ணால பாத்ததும் தொடாம முதல்ல ஸ்டெதஸ்கோப்பை வச்சுடுவாங்க, ஏன்னா அமுக்கிட்டா குடல் சத்தம் மாறிடலாம். தட்டிப் பாக்குற முறையை 1761ல ஔயன்ப்ருகர்ங்கிற ஆஸ்திரிய டாக்டர் புத்தகமா போட்டார், ஸ்டெதஸ்கோப்பை 1816ல பிரான்ஸ்ல லேனெக் கண்டுபிடிச்சார், அதுக்கு முன்னாடி நெஞ்சுல நேரா காதை வச்சுத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

வார்த்தை வேரும் இதுக்கு ஒத்துப்போகுது. இன்ஸ்பெக்ட்ல இருக்கிற "ஸ்பெக்" லத்தீன்ல பாக்குறது, ஸ்பெக்டகிள்ஸ், ஸ்பெக்டேட்டர்ல எல்லாம் இருக்கிறது அதேதான், அதனால அது கண் வேலை. எக்ஸாமின் வந்தது தராசு முள்ளைக் குறிக்கிற எக்ஸாமென்ல இருந்து, அதாவது எடை போட்டுப் பாக்குறது, அதுக்கு எந்தப் புலனையும் கருவியையும் பயன்படுத்திக்கலாம். ஸ்டூடன்ட்டை எக்ஸாமின் பண்றதும் கோர்ட்டுல சாட்சியை எக்ஸாமின் பண்றதும் இதனாலதான் சரியா வருது, அங்க கேள்வி கேட்டு எடை போடுறாங்க. சாட்சியை இன்ஸ்பெக்ட் பண்ணேன்னு சொன்னா வக்கீல் அவரை நிக்க வச்சு மேலயும் கீழயும் பாத்தார்னு ஆயிடும்.

ஸ்க்ரூட்டினைஸ்ல சந்தேகம் கட்டாயம் இருக்கணுமா?

கட்டாயம்னு சொல்லமாட்டேன், ஆனா வாசம் இருக்கும். இந்த வார்த்தை லத்தீன்ல கந்தல், குப்பையைக் குறிக்கிற ஸ்க்ரூட்டாவுல இருந்து வந்ததுன்னு வழக்கமா சொல்வாங்க, கந்தல் மூட்டையைக் கிளறி ஏதாவது கிடைக்குதான்னு தேடுற மாதிரி. துருவித் துருவிப் பாக்குறதுன்னு நாம சொல்றது இதுக்கு ரொம்ப பக்கம். ஒரு பொருளை விட ஒருத்தரோட நடத்தை, கணக்கு, முடிவு, கொள்கை இதையெல்லாம்தான் இது அதிகமா தொடும். கம் அண்டர் ஸ்க்ரூட்டினின்னா எல்லார் பார்வையும் அது மேல திரும்பிடுச்சு, இனி சும்மா விடமாட்டாங்கன்னு அர்த்தம். டஸ் நாட் ஸ்டாண்ட் அப் டு ஸ்க்ரூட்டினின்னா மேலோட்டமா நல்லா இருக்கு, துருவினா உதிர்ந்துடும்.

அமெரிக்க அரசியல் சட்டத்துல இந்த வார்த்தைக்கு ஒரு படிக்கட்டே இருக்கு. அரசாங்கம் போட்ட சட்டம் செல்லுமான்னு பாக்குறப்போ கோர்ட் சாதாரண விஷயத்துக்கு ரேஷனல் பேசிஸ்னு லேசா பாக்கும், நடுவுல இன்டர்மீடியட் ஸ்க்ரூட்டினி, இனம், அடிப்படை உரிமைன்னு வந்துட்டா ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி. கடைசி நிலையில சுமை அரசாங்கத்து மேல விழும், தட்டிக்கழிக்கவே முடியாத தேவை இருந்துச்சு, அதுக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு மட்டும்தான் கை வச்சோம்னு அவங்கதான் நிரூபிக்கணும். இந்த யோசனைக்கு விதைன்னு சட்டம் படிக்கிறவங்க சொல்றது 1938ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் குடுத்த கேரலீன் ப்ராடக்ட்ஸ் தீர்ப்போட நாலாவது அடிக்குறிப்பு. ஸ்க்ரூட்டினின்னு சொல்லிட்டாலே பாக்குறவர் நம்பிக்கையோட ஆரம்பிக்கலைங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

சின்ன விஷயம், ஸ்க்ரூட்டினைஸ் க்ளோஸ்லின்னு எழுதாதீங்க, அந்த வார்த்தைக்குள்ளயே "க்ளோஸ்லி" இருக்கு. க்ளோஸ் ஸ்க்ரூட்டினி மட்டும் பழக்கத்துல நின்னுடுச்சு, அதை விட்டுடலாம்.

இன்வெஸ்டிகேட் அபவுட்னு எழுதலாமா?

கூடாது. நாம "அதைப் பத்தி விசாரிக்கிறது"ன்னு சொல்ற பழக்கத்துல அபவுட் ஒட்டிக்குது, டிஸ்கஸ் அபவுட் மாதிரியே இதுவும். தே ஆர் இன்வெஸ்டிகேட்டிங் தி ஃபயர், அவ்வளவுதான். பெயர்ச்சொல்லா வந்தா அன் இன்வெஸ்டிகேஷன் இன்டு தி ஃபயர், இன்டு வரும்.

வெஸ்டிஜியம்னா லத்தீன்ல காலடித்தடம், தடம் பிடிச்சுப் போறதுதான் இன்வெஸ்டிகேட். அதனால நடந்து முடிஞ்ச ஏதாவது ஒண்ணு இருக்கணும், அல்லது பதில் தெரியாத ஒண்ணு. நின்னுக்கிட்டிருக்கிற சுவரை இன்வெஸ்டிகேட் பண்ண முடியாது, அதுல ஏன் ஈரம் கசியுதுங்கிறதை இன்வெஸ்டிகேட் பண்ணலாம்.

பத்திரிகை தலைப்புல ப்ரோப் ப்ரோப்னு வருதே, அது இன்வெஸ்டிகேஷன்தானே?

தலைப்புல ஆமா, எழுத்து கம்மி, இடம் மிச்சம், அதுக்காகவே போடுறாங்க. சாதாரண எழுத்துல ப்ரோப்னா உள்ள விட்டு நோண்டிப் பாக்குறது, காயத்தோட ஆழம் பாக்க சர்ஜன் உள்ள விடுற மெல்லிசான கருவிக்குப் பேரே ப்ரோப்தான். 2005 ஜனவரி 14ஆம் தேதி சனியோட நிலா டைட்டன்ல இறங்கின ஹைகன்ஸ் விண்கலத்துக்கும் ப்ரோப்னு பேர் வந்தது அது காத்து மண்டலத்துக்குள்ள புகுந்து போனதால பொருத்தமாதான் இருக்கு. ப்ரோபிங் கொஸ்டின்னா சங்கடப்படுத்துற அளவுக்கு உள்ள போற கேள்வி. ஆபீஸ் லெட்டர்ல ப்ரோப்னு போடாதீங்க, தலைப்புச் செய்தி வாடை அடிக்கும்.

இன்க்வைரி, என்க்வைரி எது சரி?

ரெண்டும் சரி. அமெரிக்கர்கள் பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஐ எழுத்துல ஆரம்பிக்கிறதைப் போடுவாங்க. பிரிட்டிஷ் பழக்கத்துல சாதாரணமா தகவல் கேக்குறதுக்கு ஈ, அதிகாரப்பூர்வமான விசாரணைக்கு ஐ, ஆனா அங்கயும் எல்லாரும் கடைப்பிடிக்கிறதில்ல. ஒரே டாக்குமென்ட்ல ரெண்டையும் கலக்காம இருந்தா போதும்.

அனலைஸ் எப்போ போடணும்? எல்லா ரிப்போர்ட்லயும் இதுதான் இருக்கு.

இருக்குதான், பாதி இடத்துல தப்பா இருக்கு. கிரேக்க வேர்ல அவிழ்க்கிறது, தளர்த்துறதுன்னு அர்த்தம், நம்ம "அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பாக்குறது"தான் இதுக்கு அச்சு அசலான தமிழ். பிரிச்சா மட்டும்தான் அனலைஸ். ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கங்க, டாக்டர் உங்களை எக்ஸாமின் பண்றார், லேப் ரத்தத்தை அனலைஸ் பண்ணுது, சர்க்கரை இவ்வளவு, ஹீமோகுளோபின் இவ்வளவுன்னு பிரிச்சு எண் குடுக்குது, மைக்ராஸ்கோப் கீழ ஸ்லைடை வச்சுப் பாக்குற பேத்தாலஜிஸ்ட் மறுபடியும் எக்ஸாமின்தான் பண்றார். வீ அனலைஸ்ட் தி டேட்டான்னு எழுதிட்டு கீழ வெறும் மொத்தக் கணக்கும் சராசரியும் போட்டிருந்தா அது அனாலிசிஸ் இல்ல, கூட்டிப் பாத்திருக்கீங்க. எழுத்துல பிரிட்டிஷ்ல எஸ், அமெரிக்காவுல இசட், பெயர்ச்சொல் அனாலிசிஸ், பன்மை அனாலிசீஸ்.

ஆடிட்டுக்கும் ரிவ்யூவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் கணக்கைத்தானே பாக்குறாங்க?

பேச்சு வழக்குல கலந்துக்கலாம், ஆனா கணக்குத் தொழில்ல இது ரெண்டும் தனித்தனி சரக்கு, மாத்திப் போட்டா பெரிய தப்பு. ஆடிட்ல ஆடிட்டர் ஆதாரம் தேடுவார், கம்பெனிக்குப் பாக்கி தரவேண்டியவங்ககிட்ட நேரா எழுதிக் கேப்பார், ஸ்டாக்கை எண்ணுறப்போ போய் நிப்பார், கடைசில "இந்தக் கணக்கு உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுது"ன்னு நேரடியா ஒரு கருத்து சொல்வார். அதுக்குப் பேர் ரீசனபிள் அஷ்யூரன்ஸ். நூத்துக்கு நூறு உத்தரவாதம் அதுவும் இல்ல, அதைக் கவனிங்க. ரிவ்யூவுல பெரும்பாலும் நிர்வாகத்துகிட்ட கேள்வி கேப்பாங்க, போன வருஷத்தோட இந்த வருஷத்தை ஒப்பிட்டுப் பாப்பாங்க, அவ்வளவோட நிறுத்திப்பாங்க. முடிவும் சுத்தி வளைச்சு வரும்: "கணக்கு தப்புன்னு நெனைக்கிற மாதிரி எதுவும் எங்க கவனத்துக்கு வரல." இது லிமிடெட் அஷ்யூரன்ஸ். சரியா இருக்குன்னு சொல்றதுக்கும், தப்பு எதுவும் கண்ல படலன்னு சொல்றதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு பாருங்க.

ஆடிட்ல இருக்கிறது ஆடியோ, ஆடியன்ஸ்ல இருக்கிற அதே "கேக்குறது"தான், அந்தக் காலத்துல கணக்கை சத்தமா வாசிக்க வச்சுக் கேட்டுதான் சரிபாத்தாங்க. அமெரிக்க யூனிவர்சிட்டிகள்ல மார்க், க்ரெடிட் எதுவும் வேணாம்னு சும்மா க்ளாஸ்ல உக்காந்து கேக்குறதை ஆடிட் எ கோர்ஸ்னு சொல்றது இன்னும் அந்தப் பழைய அர்த்தத்துலயேதான்.

ஸ்கேன்னா கவனமா பாக்குறதா, இல்ல சும்மா கண்ணை ஓட்டுறதா?

ரெண்டும்! ஒரே வார்த்தை எதிரெதிரா நிக்குது. முதல்ல செய்யுளோட அசையை அளந்து பிரிக்கிறதுக்கு இருந்த வார்த்தை, அதுல இருந்து நுணுக்கமா பாக்குறதுன்னு ஆச்சு, 20ஆம் நூற்றாண்டுல வேகமா கண் ஓட்டுறதுன்னும் ஆயிடுச்சு. எம்ஆர்ஐ ஸ்கேன்ல ஒரு இடம் விடாம பாக்குது, ஐ ஸ்கேன்ட் தி பேப்பர்னா நுனிப்புல் மேஞ்சேன். ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது, பார்வை ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் ஓடுது. ரீடிங் டெஸ்ட் எழுதுறவங்க ஸ்கிம், ஸ்கேன் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்குவாங்க: மொத்தத்துல என்ன சொல்றாங்கன்னு பிடிக்க ஓட்டுனா ஸ்கிம், ஒரு பேரோ தேதியோ தேடி ஓட்டுனா ஸ்கேன்.

பெரூஸ் கதையும் இப்படித்தான், அகராதிகள்ல முழுசா கவனமா படிக்கிறதுன்னும் இருக்கு, சும்மா புரட்டுறதுன்னும் இருக்கு. ஃபார் யுவர் பெரூசல்னு லெட்டர்ல போட்டா முழுசா படிக்கச் சொல்றீங்களா, புரட்டினா போதும்னு சொல்றீங்களான்னே தெரியாது, அதனால அந்த வார்த்தையையே விட்டுடுறது நல்லதுன்னு நான் நெனைக்கிறேன். சந்தேகமே இல்லாம "மூழ்கிப் படிக்கிறது" வேணும்னா போர் ஓவர் இருக்கு, ஸ்பெல்லிங்ல ஓவுக்கு அடுத்து யூ வந்துடாம பாத்துக்கங்க, யூ போட்டா புத்தகத்து மேல தண்ணிய ஊத்துறதா ஆயிடும்.

வெட், சர்வே, ஸ்க்ரீன் இதெல்லாம்?

வெட், மிருக வைத்தியரைக் குறிக்கிற வார்த்தையோட சுருக்கம், 19ஆம் நூற்றாண்டுல மிருகத்தை வைத்தியர்கிட்ட காட்டி சோதிக்கிறதுக்குச் சொன்னாங்க, அப்புறம் மனுஷங்களுக்கு வந்துச்சு. ஒருத்தரை வேலைக்கோ பதவிக்கோ எடுக்குறதுக்கு முன்னாடி பின்னணி பாக்குறது, முன்னாடிங்கிறது முக்கியம். சர்வே, மேல இருந்து பரப்பைப் பாக்குறது, ஆழம் இல்ல, அகலம். ஸ்க்ரீனிங், எந்த அறிகுறியும் இல்லாத நிறைய பேரைச் சலிச்சு யாருக்கு மேற்கொண்டு டெஸ்ட் வேணும்னு பிரிக்கிறது, அதுல பாசிட்டிவ் வந்தா நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல, டயக்னாஸ்டிக் டெஸ்ட் தனியா பண்ணணும். இது தெரியாம பயந்துக்கிறவங்க ரொம்ப பேர்.

வெரிஃபைக்கும் வாலிடேட்டுக்கும்?

சாஃப்ட்வேர்காரங்க வழக்கமா சொல்ற பதிலே போதும்: சொன்னபடி செஞ்சிருக்கோமான்னு பாக்குறது வெரிஃபை, சொன்னதே தேவையானதுதானான்னு பாக்குறது வாலிடேட்.

ஓவர்சைட்னா மேற்பார்வையா, கவனக்குறைவா?

இதுவும் ரெண்டும், இதுதான் இருக்கிறதிலயே மோசமான பொறி. கமிட்டி ஹேஸ் ஓவர்சைட் ஆஃப் தி ப்ராஜெக்ட்னா மேற்பார்வை. இட் வாஸ் அன் ஓவர்சைட்னா கண்ல இருந்து தப்பிடுச்சு. முன்னாடி ஏ, அன் வந்தாலோ பன்மையா வந்தாலோ பெரும்பாலும் கவனக்குறைவு, ஒண்ணும் இல்லாம வந்தா மேற்பார்வைன்னு வச்சுக்கலாம். வினைச்சொல்லுல தொல்லை கம்மி: ஓவர்சீ மேற்பார்வை பாக்குறது, ஓவர்லுக் பாக்காம விடுறது. ஐ ஓவர்லுக்ட் தி அக்கவுன்ட்ஸ்னு பெருமையா எழுதிடாதீங்க.

லுக் இன்டு, லுக் ஓவர், கோ த்ரூ, இதெல்லாம் பெரிய வார்த்தைகளுக்குப் பதிலா போடலாமா?

தாராளமா, பேச்சுலயும் மெயில்லயும் இதுதான் இயல்பு. லுக் இன்டு கிட்டத்தட்ட இன்வெஸ்டிகேட், லுக் ஓவர் வேகமான ரிவ்யூ, கோ த்ரூ ஒண்ணு விடாம வரிசையா பாக்குறது.

அப்போ மத்தவங்க அனுப்பின டாக்குமென்ட்டுக்குப் பதில் எழுதுறப்போ எது போடணும்?

கூட வேலை செய்றவங்க ஒரு ப்ரபோசல் அனுப்பியிருக்காங்கன்னு வைங்க. ஐ வில் ஸ்க்ரூட்டினைஸ் இட்னு பதில் போட்டா உன் மேல நம்பிக்கை இல்லன்னு சொன்ன மாதிரி, ஐ வில் இன்ஸ்பெக்ட் இட்னு போட்டா நீங்க என்னமோ மேலதிகாரி மாதிரி, ஐ வில் எக்ஸாமின் இட்னா கொஞ்சம் விறைப்பு, இன்வெஸ்டிகேட்னா ஏதோ தப்பு நடந்திருக்கு. ஐ வில் ரிவ்யூ இட்னா மரியாதையாவும் இருக்கும், படிச்சுட்டு கருத்து சொல்வேங்கிறதும் அதுலயே வந்துடும். நெருங்கினவங்களா இருந்தா ஐ வில் கோ த்ரூ இட் அண்ட் கெட் பேக் டு யூ. மேலதிகாரி அனுப்பினதுன்னாலும் ரிவ்யூவே போடலாம், ஆனா அவர் கருத்து கேக்காம தகவலுக்கு மட்டும் அனுப்பியிருந்தா ஐ ஹேவ் ரெட் இட், அதாவது படிச்சுட்டேன்னு சொன்னா போதும், கேக்காத இடத்துல ரிவ்யூன்னா சிலருக்கு உறுத்தும்.